பாலிப் என்று எழுதியிருந்தால் கே63.5 போட்டுவிடலாமா?

கேள்வி: பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து, மெடிக்கல் கோடிங் (டாக்டர் குறிப்புகளைக் காப்பீட்டுக்கான கோடு எண்களாக மாற்றும் வேலை) பயிற்சி எடுத்து, ஏழு மாதமாகச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் அமெரிக்க இரைப்பை-குடல் அவுட்பேஷண்ட் சார்ட்டுகளைக் கோட் செய்கிறேன். ஒரே சார்ட்டில் ஆடிட்டர் நான்கு பிழை குறித்ததில், என் தர மதிப்பெண் சரிந்துவிட்டது. 67 வயது மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) நோயாளி, சேவைத் தேதி 2025 பிப்ரவரி. 'பாலிப் இருந்தவர், சர்வேலன்ஸ் கொலோனோஸ்கோபி' என்று இண்டிகேஷன் (பரிசோதனைக்கான காரணம்). 2019இல் டியூபுலர் அடினோமா (தீங்கற்ற ஒரு வகைக் கட்டி) எடுத்ததாக டாக்டரே குறிப்பில் எழுதியிருக்கிறார். இந்த முறை நான்கு பாலிப்: அசெண்டிங் கோலனில் 6 மி.மீ., ஹெப்பாட்டிக் ஃப்ளெக்சரில் 8 மி.மீ., இரண்டும் கோல்டு ஸ்நேர் (கம்பிச் சுருக்கு). சிக்மாய்டில் 3 மி.மீ., ரெக்டத்தில் 2 மி.மீ., இரண்டும் கோல்டு ஃபோர்செப்ஸ் (இடுக்கி). பெத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் முதல் ஜாடி டியூபுலர் அடினோமா, இரண்டாவது செஸைல் செரேட்டட் அடினோமா, மூன்றும் நான்கும் ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப். நான் போட்டது: கே63.5, டி12.6, இசட்86.010, இசட்12.11. பெத்தாலஜியைப் பார்க்கவே கூடாது, ப்ரொசீஜர் நோட் மட்டும்தான் என்கிறார் டீம் லீட். பயிற்சி நிலையத்தில் வேறு மாதிரி சொன்னார்கள். யார் சொல்வது சரி? இன்னொரு சார்ட்டில் '25 செ.மீ.இல் பாலிப்' என்று மட்டும் இருந்தது. அதைச் சிக்மாய்டு என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகி, தாம்பரம்

பதில்: ஆடிட்டர் குறித்த நான்கும் சரியான பிழைகள்தான். அந்த சார்ட்டுக்கு வரவேண்டிய வரிசை இது: இசட்12.11 (ஸ்க்ரீனிங்குக்கு வந்தது), டி12.2, டி12.3 (அடினோமாக்கள்), கே63.5 (கோலன் பாலிப்), கே62.1 (ரெக்டம் பாலிப்), இசட்86.0101 (முன்பு அடினோமா இருந்த வரலாறு). நீங்கள் நான்கு கோடு போட்டீர்கள், ஆறு வரவேண்டும். நீங்கள் போட்டதில் இந்தப் பட்டியலில் இருப்பவை இரண்டு, அந்த இரண்டும் தங்கள் இடத்தில் இல்லை.

நான்கு பிழைக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். என்கோடரில் (கோடு தேடும் மென்பொருளில்) 'பாலிப்' என்று தட்டியிருப்பீர்கள், முதலில் வந்து நின்றதை எடுத்திருப்பீர்கள். பாலிப் என்பது ஒரு தோற்றத்துக்கு வைத்த பெயர். குடலின் உள்சுவரிலிருந்து புடைத்து நிற்கும் எதையும் எண்டோஸ்கோபி செய்யும் டாக்டர் பாலிப் என்றுதான் எழுதுவார், எழுதவும் முடியும். அது என்ன திசு என்று சொல்ல மைக்ரோஸ்கோப் வேண்டும். ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் கோடு நூல் இந்த இரண்டையும் இரண்டு அத்தியாயங்களில் பிரித்து வைத்திருக்கிறது. கே63.5 செரிமான உறுப்பு நோய்களின் அத்தியாயத்தில் இருக்கிறது. டி12 நியோபிளாசம் அத்தியாயத்தில், பெருங்குடலின் தீங்கற்ற கட்டிகள் என்ற தலைப்பில் இருக்கிறது. டேபுலர் பட்டியலில் (கோடுகளை எண் வரிசையில் தரும் பகுதியில்) கே63.5க்குக் கீழே 'இதோடு சேர்க்காதே' என்னும் எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு அடினோமா பாலிப்பை டி12க்கு அனுப்பும். டி12க்குக் கீழே ஒரு குறிப்பு, வகை சொல்லப்படாத பாலிப்பைக் கே63.5க்குத் திருப்பி அனுப்பும். ஒரே பாலிப் இரண்டிலும் இருக்க முடியாது.

அப்படியானால் உங்கள் சார்ட்டில் டி12ம் கே63.5ம் எப்படிச் சேர்ந்து வந்தன என்று கேட்பீர்கள். அவை வேறு வேறு பாலிப்கள். அசெண்டிங்கில் இருந்தது அடினோமா, சிக்மாய்டில் இருந்தது ஹைப்பர்பிளாஸ்டிக். எக்ஸ்க்ளூட்ஸ்1 விதிக்கே ஒரு விலக்கு உண்டு: இரண்டு நிலைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால் இரண்டையும் சேர்த்து எழுதலாம் என்று வழிகாட்டு நெறிகளின் தொடக்கப் பகுதியிலேயே இருக்கிறது. சில கிளைம் எடிட் மென்பொருள்கள் இந்த ஜோடியைப் பார்த்ததும் சிவப்புக் கொடி காட்டும். அதற்குப் பயந்து ஒன்றை அழித்துவிடாதீர்கள். இரண்டு இடம், இரண்டு ஜாடி, இரண்டு திசு என்று ஆவணம் இருந்தால் கொடியை விளக்கிக் கடந்துபோகலாம்.

இனி உங்கள் டீம் லீட் சொன்னதற்கு வருகிறேன். அவுட்பேஷண்ட் சார்ட்டில் அவர் சொல்வது தவறு. ஆனால் காற்றில் பிடித்துச் சொன்னதும் இல்லை. இன்பேஷண்ட் கோடிங்கில் பெத்தாலஜி ரிப்போர்ட்டை மட்டும் வைத்து டயக்னோசிஸ் போடக் கூடாது, சிகிச்சை தரும் டாக்டர் தன் குறிப்பில் அதை ஏற்று எழுதியிருக்க வேண்டும். அங்கே வேலை பார்த்துவிட்டு அவுட்பேஷண்டுக்கு வந்தவர்கள் அந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். அந்த வழிகாட்டு நெறிகளில் அவுட்பேஷண்டுக்கான நான்காம் பிரிவு வேறு சொல்கிறது: ஒரு பரிசோதனையை மருத்துவர் ஒருவர் படித்துக் கருத்துச் சொல்லி, கோட் செய்யும் நேரத்தில் இறுதி ரிப்போர்ட் கையில் இருந்தால், அதில் உறுதியாகச் சொல்லப்பட்ட டயக்னோசிஸைக் கோட் செய்ய வேண்டும். பெத்தாலஜிஸ்ட் ஒரு மருத்துவர்தான். ஆகவே அவர் கையெழுத்திட்ட இறுதி ரிப்போர்ட் இருக்கும்போது ப்ரொசீஜர் நோட்டை மட்டும் வைத்துக் கே63.5 போடுவது குறைவான கோடிங். டீம் லீடிடம் வாதாடப் போக வேண்டாம். நான்காம் பிரிவின் அந்தப் பத்தியைத் திறந்து காட்டி, கிளையண்ட்டின் எழுத்து மூல விதி இதற்கு மாறாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. பெத்தாலஜிஸ்ட்டுகள் சில நேரம் 'கன்சிஸ்டன்ட் வித் டியூபுலர் அடினோமா' என்று எழுதுவார்கள். அவர்கள் பேச்சு வழக்கில் அது அடினோமாதான். கோடிங் விதியிலோ 'கன்சிஸ்டன்ட் வித்', 'கம்பாட்டிபிள் வித்', 'சஸ்பெக்டட்', 'ப்ராபபிள்' எல்லாம் உறுதியில்லாத சொற்களின் பட்டியலில் இருக்கின்றன. அவுட்பேஷண்டில் உறுதியில்லாததைக் கோட் செய்யக் கூடாது. அந்த ஒரு சொல்லுக்காக டி12 கைநழுவிப் போகும். ஒரே பெத்தாலஜி குழுவிலிருந்து இப்படித் திரும்பத் திரும்ப வந்தால், சார்ட்டுக்குச் சார்ட் குவரி (டாக்டரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்புவதைவிட, கிளையண்ட் மூலமாக ஒரே முறை அவர்களிடம் பேசித் தீர்ப்பது மேல்.

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்றால்? அப்போது தெரிந்தது பாலிப் மட்டுமே, எனவே கே63.5 விதிப்படி தவறில்லை. ஆனாலும் கிளையண்ட் அனுமதித்தால் ரிப்போர்ட் வரும்வரை கிளைமை நிறுத்திவைப்பதே நல்லது. செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது: 'இன்னும் தெரியவில்லையே' என்று டி37.4 போடுவது. அதன் பெயரிலுள்ள அன்சர்டன் பிஹேவியர் என்பது நமக்குத் தெரியாது என்பதைக் குறிக்கும் கோடு அல்ல. பெத்தாலஜிஸ்ட் திசுவைப் பார்த்துவிட்டு, இது தீங்கற்றதா புற்றா என்று பிரிக்க முடியவில்லை என்று எழுதும்போது மட்டும் வருவது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. நோயாளியின் கோப்பில் அது ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு.

ரிப்போர்ட் வந்த பிறகு என்ன படிக்க வேண்டும்? டியூபுலர் அடினோமா, டியூபுலோவில்லஸ் அடினோமா என்றால் டி12. ஹைப்பர்பிளாஸ்டிக் என்றால் கோலனில் எந்தப் பகுதியாக இருந்தாலும் கே63.5, ரெக்டத்தில் இருந்தால் கே62.1. உங்கள் நான்காவது ஜாடி இங்கேதான் தொலைந்துபோனது. கே63.5இன் பெயரிலேயே 'கோலன்' இருக்கிறது, ரெக்டம் அதற்குள் வராது. ஆசனவாயில் இருந்தால் கே62.0. பாலிப் என்று எடுத்தது லிபோமா என்று வந்தால் டி17.5. கோலனில் கார்சினோமா (புற்று) என்று வந்தால் சி18க்குப் போக வேண்டும், அது பாலிப்பின் உள்ளே இருந்தாலும் சரி.

ஹை-கிரேட் டிஸ்பிளேசியா (செல்கள் தீவிரமாக மாறிய நிலை) என்ற சொல்லைப் பார்த்துப் பலர் டி01.0க்குத் தாவுகிறார்கள். அது கார்சினோமா இன் சிட்டுவுக்கான (பரவாத ஆரம்பப் புற்றுக்கான) கோடு. கருப்பை வாய்க்கு அப்படி ஒரு சமன்பாடு இருப்பதால் வரும் குழப்பம் இது. அங்கே மூன்றாம் நிலை டிஸ்பிளேசியா இன் சிட்டுவோடு சேரும். பெருங்குடலுக்கு அந்தச் சமன்பாடு கிடையாது. இண்டெக்ஸில் 'டிஸ்பிளேசியா, கோலன்' என்று தேடிப் பாருங்கள், டி12.6க்குத்தான் கொண்டுபோய் விடும். ஆகவே ஹை-கிரேட் டிஸ்பிளேசியாவோடு கூடிய அடினோமா, தன் இடத்துக்குரிய டி12இலேயே இருக்கும். பெத்தாலஜிஸ்ட் 'கார்சினோமா இன் சிட்டு' என்று தன் சொல்லிலேயே எழுதினால் மட்டும் டி01.

செரேட்டட் வகையில்தான் சிக்கல் அதிகம். உங்கள் இரண்டாவது ஜாடியில் 'செஸைல் செரேட்டட் அடினோமா' என்று இருந்தது, அடினோமா என்ற சொல் இருப்பதால் டி12.3 போட்டுவிடலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டுக்குப் பிறகு இதே திசுவுக்கு 'செஸைல் செரேட்டட் லீஷன்' என்று பெயர் மாறிவிட்டது. புதிய ரிப்போர்ட்டுகளில் அடினோமா என்ற சொல்லே இருக்காது, திசு மட்டும் அதேதான். வரலாற்றுக் கோடுகளில் அடினோமாவையும் செரேட்டட்டையும் ஒரே பிரிவில் வைத்திருப்பதைப் பார்த்தால் வகைப்பாட்டின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். ஆனால் சாய்வு விதி ஆகாது. 'லீஷன்' என்று மட்டும் இருந்தால் கிளையண்ட்டின் எழுத்து மூல விதியைப் பாருங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். நாளைக்கு வேறொரு ஆடிட்டர் வேறு மாதிரி சொன்னால் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

இன்ஃப்ளமேட்டரி பாலிப் என்று வந்தால் நிதானியுங்கள். இண்டெக்ஸ் உங்களைக் கே51.40க்கு அனுப்பும். கே51 என்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸின் வீடு. அந்த நோயே இல்லாத ஒருவரின் கோப்பில் அந்தப் பிரிவின் கோடு ஏறினால், நாளை காப்பீட்டுக் கோப்பிலும் அவருடைய மற்ற டாக்டர்களின் திரையிலும் அவர் கொலைட்டிஸ் நோயாளி ஆகிவிடுவார். சார்ட்டில் குடல் அழற்சி நோய் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் டாக்டருக்கு ஒரு குவரி அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு முடியுங்கள்.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டி12.6 என்பது 'கோலன், இடம் குறிப்பிடப்படவில்லை'. உங்கள் சார்ட்டில் இடம் பளிச்சென்று இருந்தது. டி12.0 சீக்கம், டி12.1 அப்பெண்டிக்ஸ், டி12.2 அசெண்டிங், டி12.3 டிரான்ஸ்வர்ஸ், டி12.4 டிசெண்டிங், டி12.5 சிக்மாய்டு, டி12.7 ரெக்டோசிக்மாய்டு சந்தி, டி12.8 ரெக்டம், டி12.9 ஆசனவாய். ஹெப்பாட்டிக் ஃப்ளெக்சர் எங்கே என்று தேடிப் பார்த்துக் கிடைக்காமல் டி12.6 போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். டேபுலரில் டி12.3க்குக் கீழே சிறிய எழுத்தில் ஹெப்பாட்டிக் ஃப்ளெக்சரும் ஸ்ப்ளீனிக் ஃப்ளெக்சரும் இருக்கின்றன. புற்றுநோய்க் கோடுகளில் மட்டும் இந்த வளைவுகளுக்குத் தனி வீடு உண்டு: சி18.3, சி18.5. இரண்டு அத்தியாயமும் ஒரே மாதிரி பிரிக்கவில்லை, அதை நினைவில் வையுங்கள். என்கோடரின் முதல் திரையோடு நிறுத்தாமல் டேபுலரைத் திறக்கச் சொல்வது இதற்காகத்தான். டி12.2இல் மூன்று அடினோமா இருந்தாலும் கோடு ஒரு முறைதான் வரும். எண்ணிக்கை கோடில் தெரியாது, டாக்டரின் குறிப்பில்தான் தெரியும்.

அடுத்தது வரிசை. உங்கள் நான்கு பிழைகளில் நோயாளியின் பையைத் தொடுவது இதுதான். நோயாளி எந்த அறிகுறியும் இல்லாமல் வந்தார். வந்த காரணம் ஸ்க்ரீனிங். உள்ளே பாலிப் கிடைத்ததால் வந்த காரணம் மாறிவிடாது. ஆகவே இசட்12.11 முதலில், கண்டுபிடித்தது பின்னால். சர்வேலன்ஸ் என்பது இடைவெளி குறைந்த ஸ்க்ரீனிங்தான் என்று அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தின் கோடிங் கிளினிக் தெளிவுபடுத்தியிருக்கிறது, எனவே இசட்12.11உடன் வரலாற்றுக் கோடும் சேரும். சில தனியார் காப்பீட்டுத் திட்டங்கள் சர்வேலன்ஸைத் தடுப்புச் சேவையாக ஏற்காமல் வேறு வரிசை கேட்கும். அது அவர்கள் விதி, அந்தந்தத் திட்டத்தின் குறிப்பைப் பார்த்துச் செய்யுங்கள்.

மூலநோயும் டைவர்டிகுலோசிஸும் (குடல் சுவரில் சிறு பைகள்) இதே விதிக்குள்தான் வரும். 'ஸ்க்ரீனிங்குக்கு வந்தார், டைவர்டிகுலோசிஸ் இருந்தது' என்றால் கே57.30 பின்னால்தான். ஆனால் இண்டிகேஷனில் 'ஸ்க்ரீனிங், மலத்தில் இரத்தம்' என்று இரண்டும் இருந்தால் கதை வேறு. அறிகுறிக்காகச் செய்ததென்றால் அது டயக்னோஸ்டிக், இசட்12.11க்கு அங்கே இடமில்லை. இரத்தப்போக்கு பழையதா, இப்போது அதற்காகத்தான் வந்தாரா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

பணம் எப்படி மாறுகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் வரிசை மறக்காது. அறிகுறி இல்லாமல் செய்யும் ஸ்க்ரீனிங்குக்கு மெடிகேர் நோயாளியிடம் எதுவும் வாங்குவதில்லை. அதே அமர்வில் பாலிப் எடுத்தால், பி.டி. மாடிஃபையர் (ஸ்க்ரீனிங்காகத் தொடங்கியது என்று காட்டும் குறி) இருக்கும்போது டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நோயாளி கட்டும் தொகை) கிடையாது, 2023 முதல் 2026 வரை நோயாளி பங்கு 15 சதவீதம், 2027 முதல் 2029 வரை 10 சதவீதம், 2030இல் அது பூஜ்ஜியமாகிவிடும். பி.டி. இல்லாமல், கே63.5 முதலில் வைத்துப் போனால் அது சாதாரண டயக்னோஸ்டிக் கொலோனோஸ்கோபியாகப் படிக்கப்படும். டிடக்டிபிளும் 20 சதவீதமும் நோயாளி வீட்டுக்குப் பில்லாகப் போகும். தனியார் காப்பீட்டில் பி.டி.க்குப் பதில் 33. அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2021இல் ஸ்க்ரீனிங் தொடங்கும் வயதை 45 ஆக இறக்கியது. அதனால் 45க்கும் 50க்கும் இடைப்பட்டவர்களின் சார்ட்டைப் பார்த்து 'வயது போதாது' என்று டயக்னோஸ்டிக் ஆக்கிவிடாதீர்கள்.

மலப் பரிசோதனை பாசிட்டிவ் ஆகி அதன் பிறகு செய்யும் கொலோனோஸ்கோபி பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வரிசையில் அது விரைவில் வரும். ஆர்19.5 (மலப் பரிசோதனை அசாதாரணம்) என்று பார்த்ததும் டயக்னோஸ்டிக் என்று முடிவுகட்டும் பழக்கம் 2023க்கு முந்தையது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் மெடிகேர் அதை ஸ்க்ரீனிங்கின் தொடர்ச்சியாகவே ஏற்கிறது, கே.எக்ஸ். மாடிஃபையர் சேர்க்கச் சொல்கிறது.

உங்கள் மூன்றாவது பிழை எளிது. இசட்86.010 என்ற கோடு 2024 அக்டோபர் 1 முதல் முழுமையான கோடு இல்லை, அதற்கு ஏழாவது எழுத்து வேண்டும். இசட்86.0101 அடினோமா மற்றும் செரேட்டட், இசட்86.0102 ஹைப்பர்பிளாஸ்டிக், இசட்86.0109 மற்ற வகை, இசட்86.0100 வகை தெரியாதது. 2019இல் டியூபுலர் அடினோமா என்று டாக்டர் எழுதியிருந்ததால் உங்களுக்கு 0101. 'பாலிப் இருந்தவர்' என்று மட்டும் இருந்தால் 0100தான், நீங்களாக அடினோமா என்று நினைத்துக்கொள்ள முடியாது. குடும்ப வரலாற்றுக் கோடான இசட்83.71 இதற்கு ஓராண்டு முன்பே, 2023 அக்டோபரில், இப்படிப் பிரிந்துவிட்டது: 710 அடினோமா மற்றும் செரேட்டட், 711 ஹைப்பர்பிளாஸ்டிக், 718 மற்றவை, 719 வகை தெரியாதது. அமெரிக்கக் கோடு ஆண்டு அக்டோபர் முதல் நாளில் புரளும். எந்தக் கோடு செல்லும் என்பதைச் சேவைத் தேதிதான் தீர்மானிக்கும், நீங்கள் கோட் செய்யும் தேதி அல்ல. பழைய தேதி சார்ட்டுகள் தேங்கி வரும்போது இதில் தடுக்கி விழுவார்கள்.

இந்த வரலாற்றுக் கோடு ஏன் இவ்வளவு நுணுக்கமாகிறது? அடுத்த கொலோனோஸ்கோபியின் தேதி அதில் தொங்குகிறது. அமெரிக்கப் பல்சங்கப் பணிக்குழுவின் 2020 பரிந்துரைப்படி 10 மி.மீ.க்குக் குறைந்த ஒன்றிரண்டு டியூபுலர் அடினோமா என்றால் 7 முதல் 10 ஆண்டு கழித்துப் பார்த்தால் போதும். மூன்று நான்கு என்றால் 3 முதல் 5 ஆண்டு. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், வில்லஸ் அம்சம், ஹை-கிரேட் டிஸ்பிளேசியா, இவற்றில் ஏதாவது இருந்தால் 3 ஆண்டு. ரெக்டத்திலும் சிக்மாய்டிலும் சிறிய ஹைப்பர்பிளாஸ்டிக் மட்டும் இருந்தவருக்கு 10 ஆண்டு, அதாவது ஒன்றும் இல்லாதவரைப் போலவே. மெடிகேரோ சாதாரண ஆபத்து உள்ளவருக்குக் கொலோனோஸ்கோபியைப் பத்தாண்டுக்கு ஒரு முறையும், அதிக ஆபத்து உள்ளவருக்கு 24 மாதத்துக்கு ஒரு முறையும் அனுமதிக்கிறது. அடினோமாவை நீங்கள் கே63.5 என்று எழுதிவிட்டால், மூன்றாண்டில் அவர் திரும்பி வரும்போது 'இவருக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம்' என்று கிளைம் திரும்பும்.

ப்ரொசீஜர் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் டயக்னோசிஸ் அதோடுதான் ஒட்ட வேண்டும். ஸ்நேர் இரண்டு பாலிப்பை எடுத்தாலும் 45385 என்ற ப்ரொசீஜர் கோடு ஒரு முறைதான், முறைக்குத்தான் கோடு. ஃபோர்செப்ஸால் எடுத்த இரண்டுக்கும் சேர்த்து 45380 ஒரு முறை. வேறு பாலிப் என்று காட்ட 45380இல் 59 மாடிஃபையர், இரண்டு வரியிலும் பி.டி. டி12.2ம் டி12.3ம் ஸ்நேர் வரிக்கு, கே63.5ம் கே62.1ம் ஃபோர்செப்ஸ் வரிக்கு. குறுக்கே இணைத்துவிட்டால் 59க்கு ஆதாரம் போய்விடும். ஒரே பாலிப்பில் முதலில் ஃபோர்செப்ஸால் கிள்ளிவிட்டு, பிறகு ஸ்நேரால் எடுத்திருந்தால் 45385 மட்டும். கிளைமின் முதல் டயக்னோசிஸ் இசட்12.11. ஒவ்வொரு வரிக்கும் அதை எந்த வரிசையில் சுட்ட வேண்டும் என்பதில் காப்பீட்டாளருக்குக் காப்பீட்டாளர் வேறுபடுவார்கள்.

இனி ஆவணம். ஒரு சார்ட்டைத் திறந்ததும் கோடைத் தேடாதீர்கள். முதலில் ப்ரொசீஜர் நோட்டிலிருந்து ஒவ்வொரு பாலிப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இடம், அளவு, எடுத்த முறை, திசு கையில் கிடைத்ததா, எந்த ஜாடி. பிறகு பெத்தாலஜியை அந்த வரிகளுக்கு எதிரே வையுங்கள். இரண்டு நிமிட வேலை. நோட்டில் நான்கு பாலிப், ரிப்போர்ட்டில் மூன்று ஜாடி என்ற முரண்பாடு இப்போது தானாக முகம் காட்டும். பெரும்பாலும் ஒன்று உறிஞ்சும்போது தவறிப் போயிருக்கும், அல்லது இரண்டை ஒரே ஜாடியில் போட்டிருப்பார்கள். தவறிப் போனது பற்றி டாக்டர் 'பார்ப்பதற்கு அடினோமா போலிருந்தது' என்று எழுதியிருந்தாலும் அது கே63.5தான்.

ஒரே ஜாடியில் இரண்டு இடத்துப் பாலிப் போவது கோடருக்கு வரும் மோசமான தலைவலி. 'அசெண்டிங் மற்றும் டிரான்ஸ்வர்ஸ் பாலிப்கள்: டியூபுலர் அடினோமா, ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்' என்று ரிப்போர்ட் வரும். எது எங்கே இருந்தது என்று பெத்தாலஜிஸ்ட்டாலும் சொல்ல முடியாது. டி12.2 என்றோ டி12.3 என்றோ ஊகிக்காதீர்கள், டி12.6ம் கே63.5ம் போட்டு முடியுங்கள். டி12.6 நியாயமாக வரும் அபூர்வ இடங்களில் இது ஒன்று. இடத்துக்கு ஒரு ஜாடி என்ற வழக்கத்தை கிளையண்ட்டிடம் சொல்லிப் பார்க்கலாம். ஜாடிக்குத் தனிக் கட்டணம் என்பதால் சிலர் தயங்குவார்கள், அது அவர்கள் கணக்கு.

ஜாடியின் ஒட்டுச்சீட்டில் சிக்மாய்டு, நோட்டில் டிசெண்டிங் என்று வந்தால்? திசுவுக்குப் பெத்தாலஜிஸ்ட், இடத்துக்கு எண்டோஸ்கோபி செய்தவர். ஒட்டுச்சீட்டை எழுதியது அறையிலிருந்த செவிலியராக இருக்கும், பெத்தாலஜிஸ்ட் அதைத்தான் தன் ரிப்போர்ட்டில் படியெடுத்திருப்பார். இருந்தாலும் கோடர் தானாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. குவரி அனுப்புங்கள், டாக்டர் தேதியும் கையெழுத்தும் போட்ட அடெண்டமாக (பின்சேர்ப்பாக) திருத்தட்டும்.

குவரி எழுதும் விதத்திலும் பிழை நடக்கிறது. 'இதை அடினோமா என்று எழுத முடியுமா?' என்பது பதிலைக் கையில் திணிக்கும் கேள்வி, தணிக்கையில் அது உங்களுக்கு எதிராகவே நிற்கும். 'நோட்டில் மூன்றாவது பாலிப்பின் இடம் டிசெண்டிங் என்றும், ஜாடியில் சிக்மாய்டு என்றும் உள்ளது. சரியான இடத்தைத் தெளிவுபடுத்தவும்: டிசெண்டிங், சிக்மாய்டு, வேறு, தீர்மானிக்க இயலாது' என்று கேளுங்கள். கோடு எண்ணோ, பணமோ, டினையலோ குவரியில் வரவே கூடாது.

டெம்ப்ளேட்டுகளிடமும் எச்சரிக்கை வேண்டும். போன நோயாளியின் 'ஆவரேஜ் ரிஸ்க் ஸ்க்ரீனிங்' என்ற வரி அப்படியே ஒட்டிக்கொண்டு, கீழே வரலாற்றில் 'அடினோமா 2019' என்று நிற்கும். இண்டிகேஷன் மட்டும் படிக்கும் கோடர் வரலாற்றுக் கோடையே விட்டுவிடுவார். ஸ்கோப் எதுவரை போனது என்பதையும் பாருங்கள். சீக்கம் வரை போனதென்றால் அப்பெண்டிக்ஸ் வாயையும் இலியோசீக்கல் வால்வையும் பார்த்ததாக எழுதியிருக்க வேண்டும். குடல் சுத்தமில்லாமல் பாதியில் நிறுத்தியிருந்தால் டாக்டர் கிளைமில் 53 மாடிஃபையர் வரும், இல்லையேல் மறுபடி செய்யும்போது 'இப்போதுதானே செய்தீர்கள்' என்ற மறுப்பு வரும்.

கடைசியாக அந்த 25 செ.மீ. அது சிக்மாய்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அளவுகோலில் எண்ணைப் பார்த்து இடப்பெயர் வைப்பது கோடர் வேலை இல்லை. ஸ்கோப் உள்ளே வளைந்திருக்கிறதா, நேராக்கி இழுத்த நிலையில் அளந்ததா என்பதைப் பொறுத்து அதே எண் வேறு இடத்தைக் காட்டும். ஹைப்பர்பிளாஸ்டிக் என்று ரிப்போர்ட் வந்தால், அது ரெக்டம் அல்ல என்று டாக்டர் சொன்னாலே கே63.5க்குப் போதும். அடினோமா என்றால் குவரி அனுப்புங்கள், பதில் வராமல் கெடு முடிந்தால் டி12.6. 'செ.மீ. மட்டும் போதாது, பகுதியின் பெயரும் வேண்டும்' என்று கிளையண்ட்டுக்கு மாதாந்தரப் பின்னூட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி உங்கள் டீம் லீடிடம் கேளுங்கள். உங்கள் நான்கு பிழையில் இசட்86.010ஐ மறு ஆய்வுக்கு அனுப்பாதீர்கள், அது நிற்காது. மற்ற மூன்றுக்கும் அப்படியே.